கீழ்த்தளத்தில் நடந்த திருப்பலி

நியூயார்க் மாநகரில் கிழக்கு ஹார்லெம் என்றொரு பகுதி உண்டு. அங்கே 115-ம் தெருவில் கார்மேல் மலை அன்னையின் பெயரால் ஓர் ஆலயம் நிற்கிறது. 1884-ம் ஆண்டு எழுப்பப்பட்ட அவ்வாலயத்திற்குக் கடைக்கால் தோண்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய நாட்டுக் கூலியாட்கள். பகலெல்லாம் மண் வெட்டியும் கல் சுமந்தும் களைத்துப்போன அம்மக்கள், வேலை முடிந்த பின் மாலையில் வந்து அன்னையின் இல்லத்திற்காக மீண்டும் மண் வெட்டினார்கள். பழைய சாமான் வாங்கி விற்போர் தங்கள் குதிரைகளையும் வண்டிகளையும் கொடுத்து உதவினார்கள். ஆலயம் எழுந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கே திருப்பலி கண்டார்கள் தெரியுமா? மேலே உள்ள ஆலயத்தில் அல்ல, அதன் கீழ்த்தளத்தில்! மேல் ஆலயம், அவர்களுக்கு முன்னரே அந்நகரில் வந்து வேரூன்றிவிட்ட அயர்லாந்து, ஜெர்மானியக் கத்தோலிக்கருக்கு உரியதாயிருந்தது. இந்த நிலை 1919-ம் ஆண்டுவரை நீடித்தது. அன்னையின் திருவுருவம் மேல் ஆலயத்திற்கு ஏறியதும் 1920-களில்தான்.

இதை முதன்முதலாகப் படித்தபோது நாம் சினம் கொண்டோம். ஒரே அப்பத்தை உண்பவர்களுக்குள் மேல் என்றும் கீழ் என்றும் இரு தளங்களா என்று மனம் கொதித்தது. சற்று நேரத்திற்குப் பிறகு நம்முடைய பங்கு ஆலயத்தில் ஒரு ஞாயிறு காலை நடந்த சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. சினம் தணிந்து, வெட்கம் மிஞ்சியது. அந்நிகழ்ச்சியை இக்கட்டுரையின் முடிவில் கூறுவோம். முதலில் கடல் கடந்து சென்ற அம்மக்களின் கதையைக் காண்போம்.

ஏன் புறப்பட்டார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் ஆலைகளால் வீங்கின என்றே சொல்லவேண்டும். சிக்காகோ நகரை எடுத்துக்கொள்வோம். 1850-ம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 30,000 பேர்; 1890-ம் ஆண்டில் 10 இலட்சத்திற்கும் மேல்; 1910-ம் ஆண்டில் ஏறத்தாழ 22 இலட்சம். எஃகு உலைகளும், தானியக் கிடங்குகளும், 1865-ம் ஆண்டு திறக்கப்பட்ட மாபெரும் கால்நடைச் சந்தையும் அதைச் சூழ்ந்த இறைச்சிச் சாலைகளும் ஆட்களை விழுங்கிக்கொண்டே இருந்தன. உள்நாட்டு மக்கள் போதவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அதே காலத்தில் இத்தாலியின் தென்பகுதியில் குடியானவன் சொந்த நிலமின்றி, வரிச்சுமையால் நசுங்கி, மலேரியாக் காய்ச்சலால் வாடினான். திராட்சைக் கொடிகளையும் பூச்சி அரித்தது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் பயணக் கட்டணம் குறைந்தது. 1880-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் கால்வைத்தனர். போலந்து மக்களும், ஸ்லோவாக்கியரும், ருத்தேனியரும், யூதரும் அவ்வாறே வந்தனர். நியூயார்க் துறைமுகத்தில் 1892-ம் ஆண்டு திறக்கப்பட்டு 1954-ல் மூடப்பட்ட எல்லிஸ் தீவு நிலையத்தின் வழியாக மட்டும் 1 கோடியே 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர் நுழைந்தனர். அங்கே மருத்துவர் கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பார். தொற்றுநோய் கண்டால் திருப்பி அனுப்பப்படுவார்கள். குடும்பத்தில் ஒருவர் திரும்ப, மற்றவர் உள்ளே செல்ல, அந்தத் தீவின் கூடங்களில் சிந்திய கண்ணீருக்குக் கணக்கு இல்லை.

நகரம் கொடுத்ததும் எடுத்ததும்

கப்பலிலிருந்து இறங்கியவனை வரவேற்க உறவினர் இல்லாவிட்டால் அவனை எதிர்கொண்டவர் ‘பத்ரோனே’ என்ற ஆள்பிடிக்கும் தலைவர். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் நம் மக்கள் கண்ட கங்காணியை நினைத்துக்கொண்டால் போதும். பயணத்திற்குக் கடன் கொடுப்பவரும் அவரே; வேலை பிடித்துத் தருபவரும் அவரே; தங்குமிடமும் அவருடையதே; கூலியில் பங்கு பிடிப்பவரும் அவரே. மொழி தெரியாதவனுக்கு அவரன்றி வேறு வாயில்லை.

குடியிருப்போ, காற்றும் வெளிச்சமும் புகாத ஐந்தாறு மாடி வாடகைக் கட்டிடங்கள். ஒரே அறையில் சமையல், உறக்கம், தொழில் மூன்றும் நடந்தன. தாயும் குழந்தைகளும் மேசையைச் சுற்றி அமர்ந்து செயற்கைப் பூக்கள் கட்டியும் துணிகளுக்குத் தையல் போட்டும் எண்ணிக்கைக் கூலி பெற்றனர். டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் 1890-ம் ஆண்டு இவ்வாழ்க்கையைப் படங்களோடு நூலாக வெளியிட்டபோது வசதி படைத்தோர் திடுக்கிட்டனர். 1901-ம் ஆண்டு இத்தகைய கட்டிடங்களை ஒழுங்குபடுத்த நியூயார்க்கில் சட்டம் வந்தது. ஆயினும் தொழிற்கூடங்களின் கொடுமை உடனே தீரவில்லை. 1911-ம் ஆண்டு மார்ச் 25-ம் நாள் நியூயார்க்கில் ஒரு தையல் ஆலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய, யூதக் குடும்பங்களின் இளம் பெண்கள். சம்பள உறையைப் பிரிக்காமல் தாயின் கையில் கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

புதிதாய் வந்தோர்மீது பகையும் இருந்தது. 1891-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கூட்டம் ஒன்று சிறையை உடைத்துப் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. நகரக் காவல் தலைவரின் கொலை வழக்கில் பிடிக்கப்பட்டவர்கள் அவர்கள். முந்தின நாள்தான் அவ்வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. எவர்மீதும் குற்றம் உறுதியாகவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே விந்தையான மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. ஊரில் இருந்தவரை அவர்கள் தங்களை இத்தாலியர் என்று எண்ணியதே இல்லை. கலாபிரியர், சிசிலியர், நேப்பிள்ஸ் நாட்டார் என்றும், அதனினும் சுருக்கமாக இன்ன ஊரார் என்றும்தான் எண்ணினார்கள். நியூயார்க்கிலும் முதலில் ஊர் ஊராகவே தெருக்களைப் பிரித்துக்கொண்டு, ஊர்ப் பாதுகாவலரின் பெயரால் சங்கம் அமைத்தார்கள். ஆனால் ஒரே ஆலையில் உழைத்து, ஒரே ஏளனத்தைச் சகித்து, ஒரே பவனியில் நடந்தபோதுதான் அவர்கள் இத்தாலியரானார்கள். வேற்று மண்ணே அவர்களுக்குத் தாய்நாட்டைக் கொடுத்தது!

வீட்டுக்குள் வேறொரு மாறுதல். பள்ளிக்குச் சென்ற பிள்ளை ஆங்கிலம் கற்றது. கடையிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் தந்தைக்காகப் பேசியவன் பத்து வயது மகன். தந்தையின் வாயாக மகன் ஆனபோது, வீட்டின் தலைமை மெல்லத் தடுமாறியது. பெற்றோரின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் நாணினார்கள். பிள்ளைகளின் போக்கைக் கண்டு பெற்றோர் கலங்கினார்கள். வறுமையைவிட இது ஆழமான காயம்.

மேல் ஆலயத்தில் இருந்தவர்கள் யார்?

இத்தகைய மக்கள் ஆறுதல் தேடி ஆலயத்திற்கு வந்தபோது கீழ்த்தளம் காட்டப்பட்டது. காட்டியவர்கள் யார்? இங்கேதான் வரலாறு நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது. 1845-ம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து ஏறக்குறைய 10 இலட்சம் உயிர்களை இழந்தது. அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அந்தப் பசியின் பிள்ளைகள்தான் அமெரிக்க நகரங்களின் கத்தோலிக்கப் பங்குகளைக் கட்டி எழுப்பினார்கள். பஞ்சத்திற்கு முன்னரே, 1844-ம் ஆண்டு மே மாதம், பிலடெல்பியா நகரில் வெறிகொண்ட கூட்டத்தினர் அயர்லாந்து மக்களின் புனித மிக்கேல் ஆலயத்தையும் புனித அகுஸ்தீனார் ஆலயத்தையும் தீக்கிரையாக்கினர். அந்நியர் என்பதாலும் கத்தோலிக்கர் என்பதாலும் அவமதிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அவர்களே இப்போது மேல் ஆலயத்தில்! அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் வியர்வைக் காசால் பங்குகளையும் பள்ளிகளையும் நடத்தியவர்கள். இத்தாலியர் ஞாயிறு காணிக்கை போடுவதில்லை, ஆண்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள், திருவிழா என்றால் வாத்தியமும் வாணவேடிக்கையுமாகத் தெருவை நிறைக்கிறார்கள், இது பக்தியா ஆர்ப்பாட்டமா என்றெல்லாம் அவர்கள் முணுமுணுத்தார்கள். தம் பக்தி முறையே கத்தோலிக்க முறை என்று நல்ல மனத்தோடு நம்பினார்கள். ஆயினும் ஒன்றை மறந்தார்கள்: நேற்று தாங்களும் கப்பலிலிருந்து இறங்கியவர்களே என்பதை. எகிப்தில் அந்நியராய் வாழ்ந்ததை மறவாதீர்கள் என்று இஸ்ராயேல் மக்களுக்கு மோசே திரும்பத் திரும்ப நினைவூட்டியதன் பொருள் இங்கே விளங்குகிறது. மறதி மனிதனுக்கு அவ்வளவு எளிது.

அந்த மறதியின் விலை

இம்மறதிக்குத் திருச்சபை கொடுத்த விலை சிறிதன்று. 1889-ம் ஆண்டு, மாவு ஆலைகள் நிறைந்த மினியாப்பொலிஸ் நகரில் குடியேறிய ருத்தேனியக் கத்தோலிக்கருக்குப் பணியாற்ற அலெக்சிஸ் டோத் என்ற குருவானவர் வந்தார். கீழைத் திருச்சபை வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர். அச்சபையின் வழக்கப்படி திருமணம் செய்து, மனைவியை இழந்தவர். உரோமையோடு முழு ஒன்றிப்பில் இருந்தவர். ஆனால் பேராயர் ஜான் அயர்லாந்து (அயர்லாந்து என்பது அவருடைய குடும்பப் பெயர், பிறந்ததும் அந்நாட்டில்தான்) தம் மறைமாவட்டத்தில் அவரை ஏற்க மறுத்துவிட்டார். 1891-ம் ஆண்டு அக்குருவும் அவருடைய மக்களும் இரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தனர். பின்னர் பல்லாயிரவர் அவ்வழியே சென்றனர்.

நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஸ்கிராண்டன் நகரில் போலந்துத் தொழிலாளர், தங்கள் பணத்தால் கட்டிய ஆலயத்தின் நிர்வாகத்தில் தங்களுக்கும் குரல் வேண்டுமென்றனர். இரு தரப்பிலும் சொற்கள் தடித்தன, பிணக்கு முற்றியது. 1897-ம் ஆண்டு பிரான்சிஸ் ஹோதுர் என்ற குருவின் தலைமையில் அவர்கள் பிரிந்து தனிச் சபையானார்கள். அச்சபை இன்றும் தனித்தே நிற்கிறது. பிரிந்தவர்கள் செய்ததைச் சரியென்று நாம் கூறவில்லை. விசுவாசக் கோட்பாட்டில் எந்த ஐயமும் இல்லாத மக்கள், தங்களைச் செவிமடுப்பாரில்லை என்ற ஒரே காரணத்தால் வெளியேறக்கூடும் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

தேடிச் சென்றவர்கள்

வேறு விதமாக நடந்தவர்களும் இருந்தார்கள்; இறைவனுக்கு நன்றி! பியாசென்ஸா ஆயர் ஜான் பாப்டிஸ்ட் ஸ்கலபிரீனி ஒருநாள் மிலான் இரயில் நிலையத்தின் வழியே சென்றபோது, கந்தல் மூட்டைகளோடு நூற்றுக்கணக்கானோர் கப்பலேறப் புறப்பட்டு நிற்பதைக் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆடுகள் கடல் கடந்தால் ஆயனும் கடக்கவேண்டும் என்ற உணர்வோடு, 1887-ம் ஆண்டு குடியேறுவோருக்கென்றே ஒரு துறவற சபையை நிறுவினார். 2022-ம் ஆண்டு அக்டோபர் 9-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்த ஆயரின் தூண்டுதலும் திருத்தந்தை 13-ம் சிங்கராயரின் கட்டளையும் சேர்ந்து ஒரு கன்னியரை நியூயார்க்கிற்கு அனுப்பின. அவரே பிரான்செஸ்கா சவேரியார் கபிரீனி. நம் முத்துக்குளித்துறையின் அப்போஸ்தலரான புனித சவேரியாரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, அவரைப்போலவே கீழ்த்திசைக்கு, குறிப்பாகச் சீனாவிற்கு, செல்ல ஏங்கியவர் அவர். கிழக்கே அல்ல, மேற்கே செல் என்றார் திருத்தந்தை. 1889-ம் ஆண்டு மார்ச் 31-ம் நாள் ஆறு கன்னியரோடு அவர் நியூயார்க்கில் இறங்கியபோது, தங்க வீடுகூட ஏற்பாடாகியிருக்கவில்லை. திரும்பிச் செல்லுமாறு பேராயரே ஆலோசனை கூறினார். திருத்தந்தை அனுப்பியதால் வந்தேன், இங்கேயே இருப்பேன் என்று அன்னை பணிவோடு கூறிவிட்டார். சிறுவயதில் தண்ணீரில் விழுந்து உயிர் பிழைத்து, அதன்பின் நீரைக் கண்டாலே அஞ்சியவர், இருபதுக்கும் மேற்பட்ட முறை பெருங்கடலைக் கடந்தார். அனாதை இல்லங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் என 67 நிறுவனங்களை எழுப்பினார். இத்தாலியர் கொலையுண்ட நியூ ஆர்லியன்சுக்கு மறு ஆண்டே சென்று இல்லம் தொடங்கினார். 1909-ம் ஆண்டு தாமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1917-ம் ஆண்டு சிக்காகோவில் உயிர்நீத்தார். 1946-ம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்ட இவரே, குடியேறியோரின் பாதுகாவலியாக 1950-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டார்.

சிக்காகோவில் போலந்து மக்களுக்கென 1867-ம் ஆண்டு தோன்றிய புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கையும் குறிப்பிடவேண்டும். அந்நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 40,000 பேர் அப்பங்கைச் சேர்ந்திருந்தனர். அவர்கள் மொழியில் மறையுரை, பிள்ளைகளுக்குப் பள்ளி, கைம்பெண்களுக்கு உதவிச் சங்கம் எல்லாம் அங்கே இருந்தன. இன்று அதே ஆலயத்தில் போலந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் திருப்பலி நடைபெறுகிறது.

தாய்மொழி மதில் அல்ல, படிக்கட்டு

அக்காலத்தில் ஆயர்களுக்குள்ளேயே பெரும் வாதம் நடந்தது. அவரவர் மொழிப் பங்குகளை வளர்த்தால் அம்மக்கள் என்றும் அந்நியராகவே நின்றுவிடுவர் என்றனர் ஒரு சாரார். மொழியை இழந்தால் விசுவாசத்தையும் இழப்பர் என்றனர் மறுசாரார். காலம் தந்த தீர்ப்பு என்ன? தாய்மொழியில் செபிக்க இடம் கிடைத்தவர்களின் பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் பேசும் குடிமக்களாகவே வளர்ந்தார்கள், கத்தோலிக்கராகவும் நிலைத்தார்கள். மூன்றாம் தலைமுறையில் பேச்சு மாறியது, பவனி மாறவில்லை. அவசரப்படுத்தப்பட்டவர்களே அகன்று போனார்கள். காலூன்ற ஒரு படி இருந்தால்தானே அடுத்த படிக்கு ஏறமுடியும்? 1952-ம் ஆண்டு திருத்தந்தை 12-ம் பத்திநாதர் குடியேறியோர் பற்றி வெளியிட்ட சாசனத்தில், அவர்களுக்குத் தம் மொழி அறிந்த குருக்களின் பணி கிடைக்கவேண்டுமென்று விதிமுறை வகுத்தார்.

115-ம் தெரு ஆலயத்திலும் காலம் மாறியது. 1924-ம் ஆண்டுச் சட்டம், இத்தாலியிலிருந்து ஆண்டுக்கு 4,000-க்கும் குறைவானோரையே அனுமதித்தது. பழைய குடும்பங்கள் படிப்படியாகப் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அத்தெருக்களில் குடியேறினர். ஜூலை மாதத் திருவிழாவிற்கு இப்போது ஹெய்த்தி நாட்டு மக்கள் திரளாக வந்து, தங்கள் மொழியில் பாடி அன்னையை வணங்குகின்றனர். கீழ்த்தளத்தில் நின்றவர்களின் அன்னை, இன்று புதிதாய் வந்தவர்களின் அன்னை.

நம் ஆலயக் கதவருகே

இனி நாம் வாக்களித்த அந்நிகழ்ச்சி. நம் பங்கைச் சுற்றிலும் நூற்பாலைகளும் பின்னலாடைத் தொழிற்கூடங்களும் உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே உழைக்கின்றனர். அவர்களில் ஓராவோன், முண்டா, காரியா பழங்குடிக் கத்தோலிக்கர் பலர். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-ம் ஆண்டு முதல் சோட்டாநாகபுரிப் பகுதியில் விதைத்த விசுவாசத்தின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஞாயிறுதோறும் கடைசித் தூணருகே நான்கைந்து பேர் நிற்பார்கள். தமிழ்ப் பாட்டு விளங்காது, எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிடுவார்கள்.

ஒருநாள் திருப்பலிக்குப் பின் அவர்களில் ஒருவர் நம்மிடம் வந்து, நெஞ்சில் கைவைத்து, “பாதர், கன்பெஷன்... இந்தி” என்றார். தத்துவமும் இறையியலும் பல ஆண்டு பயின்ற நமக்கு இந்தி தெரியாது. தெரியாது என்று கையசைத்து, தலைமேல் கைவைத்து ஆசீர் அளித்து அனுப்பிவிட்டோம். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆலை விடுதிக்குச் சென்று விசாரிக்கலாமென்றால் என்ன சொல்லி விசாரிப்பது? அவருடைய பெயரைக்கூட நாம் கேட்டிருக்கவில்லை!

அவர் மொழி நமக்குப் புரியாமற் போகலாம். அவருடைய மனத்துயர் புரியாமற் போகுமா? அமரச் சொல்லி, செவிகொடுத்து, பாவமன்னிப்பு ஆசீர் வழங்கியிருக்கலாமே! நம் ஆலயத்திற்குக் கீழ்த்தளம் கிடையாது. ஆனால் கடைசித் தூணருகே நாமே ஒரு கீழ்த்தளத்தைக் கட்டி வைத்திருந்தோம் என்று அன்று உணர்ந்தோம்.

அதன்பின் பங்குப் பேரவையில் மனம் திறந்து பேசினோம். அண்டை மறைமாவட்டத்தில் இந்தி அறிந்த குருவானவர் ஒருவர் இரு மாதங்களுக்கு ஒருமுறை வந்து ஒப்புரவு அருளடையாளம் வழங்குகிறார். அன்று ஒரு வாசகம் அவர்கள் மொழியில் வாசிக்கப்படுகிறது. சென்ற திருவிழாவில் சப்பரத்தின் முன்தண்டில் இருவருக்குத் தோள்கொடுக்க இடம் தரப்பட்டது. முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். இந்த உரிமை எங்கள் தெருவுக்கல்லவா என்றார் ஒரு பெரியவர். அவருடைய மகன் டொறொன்டோவில் இருக்கிறார். அங்கே தமிழில் திருப்பலி நடப்பதைப் பெருமையோடு சொல்பவர் அவர். அதை நினைவூட்டினோம். சற்று நேரம் பேசாமல் நின்ற பெரியவர், தாமே நகர்ந்து அவ்விளைஞருக்கு இடம் விட்டார்.

அன்பார்ந்த குடும்பத்தினரே! லண்டனிலும் பாரிசிலும் வளைகுடா நாடுகளிலும் நம் பிள்ளைகளுக்கு யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். குடியேறியோரால் வளர்ந்த சிக்காகோ நகரம் 2025-ம் ஆண்டு திருச்சபைக்குத் திருத்தந்தை 14-ம் லியோவையே கொடுத்திருக்கிறது. இன்று தூணருகே நிற்கும் இளைஞனின் மரபிலிருந்து நாளை யார் எழுவார் என்று நாம் அறியோம். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமும் வேற்று மொழி பேசும் ஊரில் யாருடைய வாசலிலோதான் முதலில் நின்றிருக்கும். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கு விரையாமல், உங்கள் ஆலயத்தின் கடைசித் தூணருகே ஒருமுறை செல்லுங்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். பெயரைக் கேளுங்கள். அது போதும், மற்றவை அதிலிருந்து தொடங்கும்.